ஈசிஜியில் 'செப்டல் இன்ஃபார்க்ட்' என்று வந்திருக்கிறது, நெஞ்சு வலியே வந்ததில்லை, யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மழைக்காகம்:

வயது 38, ஆண். புகைப்பதில்லை, சர்க்கரை இல்லை, நெஞ்சு வலி என்று ஒரு நாளும் படுத்ததில்லை. ஹெர்னியா ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, அதற்கு முன்பு வழக்கமாக எடுக்கும் டெஸ்டுகளில் ஈசிஜியும் ஒன்று, சட்டையைக் கழற்றிப் படுத்தேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது, அப்புறம் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனால் கவுன்டரில் இருந்தவர், "இதய டாக்டர் ஒரு தடவை பார்க்கணுமாம், அதுக்கப்புறம்தான் மயக்க மருந்து டாக்டர் கையெழுத்துப் போடுவார்" என்று கவரை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்து பிரித்தேன். தாளின் மேல் பக்கம் மெஷினே அச்சடித்திருக்கிறது: 'செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மின்ட். அப்நார்மல் ஈசிஜி. அன்கன்ஃபர்ம்ட்.' இன்ஃபார்க்ட் என்றால் மாரடைப்பு என்று தெரியும். மற்றதைத் தேடிப் பார்த்தேன், எப்போது வந்தது என்று சொல்ல முடியாத பழைய அட்டாக் என்று அர்த்தமாம். அதாவது எனக்கே தெரியாமல் எனக்கு ஒன்று வந்து போயிருக்கிறது. எப்போது? போன வருடம் காய்ச்சலில் படுத்திருந்தபோதா, இல்லை இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி முழுக்க தோள் வலித்ததே அதுவா? நேற்றிலிருந்து என் வாழ்க்கையை முழுசாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு 61 வயதில் அட்டாக் வந்தது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார். எனக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 162. அன்றைக்கு பிபி 148/94 காட்டியது, ஆஸ்பத்திரிப் பயத்தில் ஏறியிருக்கும், அதை விடுங்கள். இதய டாக்டரிடம் நேரம் கிடைத்திருப்பது 9 நாள் கழித்து. அதுவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையில் இருக்கிற வாட்ச்சில் ஈசிஜி எடுக்கும் வசதி இருக்கிறது, நேற்றிலிருந்து 17 தடவை எடுத்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் 'சைனஸ் ரிதம்', அதாவது துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, என்றுதான் வருகிறது, அதையும் நம்ப முடியவில்லை. இன்று காலையிலிருந்து இடது பக்கம் ஊசி குத்துகிற மாதிரி சுருக் சுருக்கென்று வேறு இருக்கிறது. வீட்டில் மனைவியிடம் "ஒரு டெஸ்ட் திரும்ப எடுக்கணுமாம்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதே வரி வந்து ஒன்றுமில்லை என்று ஆனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உண்மையிலேயே இருந்தது என்று ஆனவர்களும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம், எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்கிறேன்.

பத்துவயர்:

தம்பி, நான் டாக்டர் இல்லை. 14 வருடம் ஈசிஜி எடுத்தவன், இப்போது வேறு வேலை. இந்த வரியை எத்தனை தாளில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த 'அன்கன்ஃபர்ம்ட்'. நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். டாக்டர் யாரும் இன்னும் பார்த்து உறுதி செய்யவில்லை, மெஷின் தன் பாட்டுக்கு அளந்து எழுதியது என்று அர்த்தம். மெஷினுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. உங்களுக்கு வலி இருந்ததா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எதுவும் தெரியாது. சில கோடுகளின் உயரத்தையும் அகலத்தையும் அளக்கும், தன்னிடம் இருக்கிற பட்டியலோடு ஒத்துப் பார்க்கும், பொருந்தினால் அச்சடிக்கும். எதையாவது கோட்டை விட்டுவிடக் கூடாது என்பதால் அதை எப்போதும் கொஞ்சம் பயந்த சுபாவமாகவே செய்து வைத்திருப்பார்கள்.

இப்போது செப்டல் என்பது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உடம்பில் ஒட்டுவது 10 எலெக்ட்ரோடு, அதிலிருந்து கிடைப்பது 12 லீட், அதாவது இதயத்தின் மின்சாரத்தை 12 கோணத்திலிருந்து பார்க்கும் கோடுகள். நெஞ்சில் ஒட்டும் ஆறில் முதல் இரண்டு, வி1, வி2, நடு எலும்புக்கு இரண்டு பக்கமும் நான்காவது விலா இடைவெளியில் வர வேண்டும். அந்த இரண்டு லீடிலும் முதலில் சின்னதாக ஒரு மேல்நோக்கிய கோடு எழும்பும், அதற்கு ஆர் அலை என்று பெயர். இதயத்தின் நடுச்சுவரில் தசை செத்திருந்தால் அந்த இடத்திலிருந்து மின்சாரம் வராது, அந்தச் சின்ன ஆர் காணாமல் போய் கோடு நேராகக் கீழே இறங்கும். மெஷின் அதைப் பார்த்துத்தான் 'செப்டல் இன்ஃபார்க்ட்' என்று எழுதுகிறது. சரி. ஆனால் எலெக்ட்ரோடை ஒரு விலா, இரண்டு விலா மேலே தள்ளி ஒட்டினாலும் அதே ஆர் சின்னதாகிவிடும், சில பேருக்குக் காணாமலே போகும். தசை நன்றாகத்தான் இருக்கும், நாம் பார்க்கிற ஜன்னல் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மேலே ஒட்டுவது எவ்வளவு சகஜம் தெரியுமா? சரியான இடம் கண்டுபிடிக்க, கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கி நடு எலும்பில் ஒரு மேடு தட்டுப்படுவதைப் பிடிக்க வேண்டும், அந்த மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இருப்பது இரண்டாவது இடைவெளி, அங்கிருந்து இன்னும் இரண்டு எண்ண வேண்டும். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது யார் எண்ணுவார்கள். கண்ணளவில் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். நானும் செய்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

உங்கள் தாளில் ஒன்று பாருங்கள். வி2 லீடில், பெரிய கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மேடு வரும், பி அலை. வி2வில் அது பொதுவாக மேல்நோக்கித்தான் இருக்கும். உங்கள் தாளில் அது கீழ்நோக்கியோ பாதி மேலே பாதி கீழேயோ இருந்து, வி1லும் முழுக்கக் கீழ்நோக்கி இருந்தால், மேலே ஒட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் வலுக்கும். இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும், அவ்வளவே. ஒல்லியாக உயரமாக இருப்பவர்களுக்கு சரியாக ஒட்டினால்கூட ஆர் சின்னதாக வருவதுண்டு.

இரட்டைவால்:

ப்ரோ முதலில் வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வை. அது எடுப்பது ஒரே ஒரு லீட், துடிப்பு ஒழுங்கா ஒழுங்கில்லையா என்று சொல்லும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது, பழசையும் சொல்லாது புதுசையும் சொல்லாது. ஆக நீ 17 தடவை கேட்டது, பதில் தெரியாத ஆளிடம். எனக்கும் இந்த வியாதி இருந்தது (வாட்ச் பார்க்கும் வியாதியைச் சொல்கிறேன்). நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தால் 70 இருந்தது 95 ஆகும், 95ஐப் பார்த்து 110 ஆகும், அப்புறம் எங்கேயாவது ஒரு துடிப்பு இடறும், நெஞ்சு தொண்டைக்கு வந்த மாதிரி இருக்கும், அந்த இடறல் நலமாக இருப்பவர்களுக்கும் நாள் முழுக்க அங்கங்கே வருவதுதான், கவனிக்காதவனுக்கு வந்ததே தெரியாது.

மனைவியிடம் சொல்லிவிடு. நடுராத்திரி இரண்டு மணிக்கு நாடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நீயே சொல்வது மேல்.

கல்நார்:

மேலே எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் கேட்டவர் "உண்மையாக இருந்தவர்களும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார், அதனால் சொல்கிறேன்.

எனக்கு 46 வயதில் இதே வரி வந்தது. சர்க்கரை 11 வருடமாக உண்டு. அலுவலகத்தில் வருடா வருடம் எடுக்கும் செக்கப். நெஞ்சு வலி கிடையாது, மாடி ஏறினால் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் மூச்சு வாங்கும், எடை கூடியதால் என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்தவர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு "மெஷின் இப்படித்தான் உளறும், கண்டுக்காதே" என்றார். எனக்கும் அதுதானே கேட்க வேண்டும், எட்டு மாதம் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் பேருந்தைப் பிடிக்க ஓடி, நின்ற இடத்தில் மூச்சு திரும்பவே இல்லை. எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) நடுச்சுவர் சரியாக அசையவில்லை, பம்பிங் 40 சதவீதம். ஆஞ்சியோவில் முன்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. எப்போது வந்தது என்று இன்று வரை தெரியாது. சர்க்கரை இருப்பவர்களுக்கு வலியே தெரியாமல் வந்து போவது உண்டு என்று டாக்டர் அப்புறம் சொன்னார். இப்போது ஸ்டென்ட், மாத்திரை, நடை, பம்பிங் 48க்கு ஏறியிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு 38, சர்க்கரை இல்லை, மூச்சு வாங்குவதாகவும் எழுதவில்லை. ஆனால் 'ஒன்றுமில்லை' என்று இங்கே நாலு பேர் எழுதிவிட்டார்கள் என்பதற்காக அந்த அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். எக்கோ எடுக்கும் வரை இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

பத்துவயர்:

கல்நார் சொல்வது சரி. நான் பிழை என்று சொல்லவில்லை, பிழையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது என்றுதான் சொன்னேன். நான் எழுதியதைத் திரும்பப் படித்தால் கொஞ்சம் அதிகமாகவே தட்டிக்கொடுத்த மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எக்கோ எடுத்தே ஆக வேண்டும். செத்த தசை அசையாது, அசைகிறதா இல்லையா என்று எக்கோவில் கண்ணால் பார்க்கலாம், அதற்கு மேல் இந்த வி1, வி2 பஞ்சாயத்து எல்லாம் தேவையில்லை.

இன்னொன்று, ஊசி குத்தல் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இரண்டு மூன்று வினாடி சுருக்கென்று வந்து போவது, அழுத்தினால் கூடுவது, பெரும்பாலும் தசை, விலா சமாச்சாரம். அதற்கு மாறாக, நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றின மாதிரி அழுத்தம், அது சில நிமிடங்களாகியும் விடாமல் இருப்பது, கை, தாடை, முதுகு என்று பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத் திணறல், மயக்கம், இதில் எது வந்தாலும் 9 நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், இங்கே வந்து கேட்கவும் கேட்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சும்மா ஒருத்தி:

என் கதை ஈசிஜி இல்லை, டிரெட்மில். ஆனால் அந்த 9 நாள் எனக்கும் நடந்தது, எனக்கு 12 நாள்.

44 வயதில் ஒரு முழு உடல் பரிசோதனை, சும்மாதான் போனேன், அந்தப் பட்டியலில் டிரெட்மில் டெஸ்டும் இருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும், நான் ஒன்பது நிமிடம் தாண்டி ஓடினேன், மூச்சு வாங்கியதே தவிர வலி எதுவும் இல்லை. இறங்கினதும் "பாசிட்டிவ்" என்றார்கள். நான் முதலில் நல்ல செய்தி என்று நினைத்து சிரித்துவிட்டேன். மருத்துவத்தில் பாசிட்டிவ் என்றால் அழ வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

என்னைப் பார்த்த இதய டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார், அதை இங்கே எழுதுகிறேன், எனக்கு எந்த மாத்திரையைவிடவும் அதுதான் தூக்கம் கொடுத்தது. எண்கள் புரிவதற்காகத்தான் என்று அவரே சொன்னார். உங்களை மாதிரி தொந்தரவு எதுவும் இல்லாத 1000 பேரை எடுத்துக்கொள்வோம், அதில் 20 பேருக்கு நிஜமாகவே அடைப்பு இருக்கிறது என்று வைப்போம். டெஸ்ட் நோய் உள்ளவர்களில் 100க்கு 70 பேரைப் பிடிக்கும், நலமாக இருப்பவர்களிலும் 100க்கு 20 பேரைத் தவறாகப் பிடிக்கும். அப்படியானால் அந்த 20 பேரில் 14 பேர் மாட்டுவார்கள். மீதி 980 பேரில் 196 பேர் சும்மா மாட்டுவார்கள். மொத்தம் பாசிட்டிவ் 210, அதில் நிஜம் 14. பதினைந்தில் ஒருவர். இதே டெஸ்டை நெஞ்சு வலியோடு வருகிற, சர்க்கரையும் இருக்கிற 60 வயதுக்காரர்களுக்கு எடுத்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும், அவர்களுக்குப் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நிஜம்தான். ஒரே தாள், ஒரே கோடு, ஆளைப் பொறுத்து அர்த்தம் வேறு. பெண்களுக்கு டிரெட்மில்லில் பொய் பாசிட்டிவ் கூடுதலாகவே வரும் என்றும் சொன்னார். அதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஏறியே இருக்க மாட்டேன்.

அப்புறம் சிடி ஆஞ்சியோ எடுத்தார்கள், ரத்தக்குழாய் எல்லாம் சுத்தம், ரத்தக்குழாயில் படிந்திருக்கும் சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கோரும் பூஜ்யம். அந்தப் பதினைந்தில் ஒருவர் நானாக இருந்திருக்கவும் கூடும், அதற்காகத்தான் அடுத்த டெஸ்ட், அதையும் அவர்தான் சொன்னார்.

டாக்டரிடம் போகும்போது தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். நான் எழுதிப் போனது: சுவர் அசைவு சரியாக இருக்கிறதா, பம்பிங் எவ்வளவு, இதற்கு மேல் டெஸ்ட் தேவையா, ஏன். நீங்கள் இன்னொன்று சேர்க்க வேண்டும், ஆபரேஷன் செய்யலாமா. பழைய ஈசிஜி எங்காவது கிடந்தால் தேடி எடுத்துப் போங்கள், ஐந்து வருடம் முன்பும் இதே மாதிரி இருந்தது என்றால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மழைக்காகம்:

எல்லோருக்கும் நன்றி. கல்நார் சார், உங்களுக்கு முக்கியமாக, நீங்கள் எழுதியதைப் படித்து அன்று ராத்திரி தூங்கவில்லை, ஆனால் நான் கேட்டதுதானே. வாட்ச்சைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டேன், எதற்கு என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, அப்புறம் டாக்டரிடம் கூடவே வந்தாள்.

இன்றுதான் பார்த்துவிட்டு வந்தோம். பத்துவயர் அண்ணா, வி2 பி அலை நீங்கள் சொன்ன மாதிரி பாதி மேலே பாதி கீழேதான் இருந்தது. டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அவர் நிமிர்ந்து பார்த்து "யார் சொன்னது?" என்றார். திரும்ப ஈசிஜி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை எடுத்தவர் விரலை வைத்து விலாவை எண்ணினார், எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. தாளில் இன்ஃபார்க்ட் என்ற வார்த்தை இல்லை. ஆர் கொஞ்சம் சின்னதுதான், உங்கள் உடல்வாகுக்கு அப்படி இருக்கலாம் என்றார். எக்கோவில் சுவர் அசைவு நார்மல், பம்பிங் 60 சதவீதம். ஆபரேஷனுக்குத் தடை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்து எக்கோ ரிப்போர்ட்டைப் படித்தால் 'ட்ரிவியல் எம்ஆர், ட்ரிவியல் டிஆர்' என்று இரண்டு வரி இருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. தேடினால் வால்வு கசிவு என்று வருகிறது. அப்புறம் 60 என்றால் மீதி 40 என்ன ஆனது?

பத்துவயர்:

தம்பி, தேடுவதை நிறுத்துங்கள் முதலில். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தனக்குள் நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. முழுசையும் எந்த இதயமும் தள்ளாது, 55லிருந்து 70 வரை இருந்தால் ஜோர். 100க்கு 60 மார்க் இல்லை அது. ட்ரிவியல் என்பது வால்வு மூடும்போது ஒரு துளி பின்னால் போவது, நல்ல இதயங்களிலும் எக்கோ கருவி அதைப் பிடித்துவிடும், பார்த்ததை எல்லாம் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறார்கள். டாக்டர் அதைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுதான்.

அவர் எதைப் பற்றிப் பேசினார், அதைச் சொல்லுங்கள்.

மழைக்காகம்:

அதுதான் வேடிக்கை. நான் ஒன்பது நாள் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்த ஈசிஜியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். பிபி பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அங்கேயும் 146/92 இருந்தது. நான் பயத்தில் ஏறியது என்றேன், "இருக்கலாம், அதை வீட்டில் அளந்து நிரூபியுங்கள்" என்றார். ஒரு வாரம் காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு எடுத்து எழுதிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் எடுப்பதன் சராசரி 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பிபி இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வாராம். எல்டிஎல் 162ஐயும் வட்டம் போட்டார், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம், அதற்குள் நடையை ஆரம்பியுங்கள் என்றார். அப்பாவின் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இப்போதுதான் கருவி வாங்கி வந்து முதல் அளவு எடுத்தேன், இடது கையில் 138/86. மனைவி வலது கையில் எடுத்துப் பார் என்றாள், அதில் 142/88. எதை எழுதுவது?

சும்மா ஒருத்தி:

முதல் நாள் இரண்டு கையிலும் எடுத்துப் பாருங்கள், திரும்பத் திரும்ப எதில் கூடுதலாக வருகிறதோ அப்புறம் எப்போதும் அந்தக் கையிலேயே எடுங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில், கை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில். ஒரு நாளைக்குச் சொன்ன நான்கு தடவை மட்டும். பதினேழு தடவை எடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் அந்தக் கருவியும் மனைவியிடம் போய்விடும்.